கிஃப்ட் கார்டு கொடுத்தால் கடமைக்குக் கொடுத்தது போல இருக்குமா?

கேள்வி இதுதான்: பண்டிகைக்குச் சொந்தக்காரர்கள், நண்பர்கள் என ஏழெட்டுப் பேருக்குக் கிஃப்ட் கார்டு கொடுக்கலாம் என்று ஒருவர் நினைக்கிறார். யாருக்கு என்ன பிடிக்கும் என்று சரியாகத் தெரியவில்லை, அதனால் கார்டுதான் வசதி. ஆனால், "யோசிக்கச் சோம்பல்பட்டு ஒரு அட்டையை நீட்டிவிட்டான்" என்று நினைத்துவிடுவார்களோ என்று உறுத்துகிறது. மனசோடு கொடுத்தது போல அதை எப்படிக் கொடுப்பது?

உறுத்தலைப் பாதி இங்கேயே இறக்கி வைத்துவிடலாம். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளியலாளர் 1993-ல் ஒரு கட்டுரை எழுதினார். கிறிஸ்துமஸுக்கு வந்த பொருட்களைக் காட்டி, "இதை நீங்களே வாங்குவதாக இருந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டிருந்தார். அவர்கள் போட்ட மதிப்பு, பொருளின் விலையைவிடப் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக இருந்தது. நண்பர்கள் கொடுத்த பொருளில் இந்த இழப்பு குறைவு. அடிக்கடி பார்த்துப் பழகாத பெரியவர்கள் கொடுத்ததில் அதிகம். ஆக, ஒருவருடைய விருப்பம் தெரியாத இடத்தில் கார்டு கொடுப்பது சோம்பேறித்தனம் இல்லை. தெரியாததைத் தெரிந்தது போலக் காட்டிக்கொண்டு ஒரு பொருளை அவர் அலமாரியில் கொண்டுபோய் அடைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மீதிப் பாதி உறுத்தலில் நியாயம் இருக்கிறது. ஒரே மாதிரி எட்டு கவர், எட்டிலும் ஒரே கார்டு, மேலே பெயர் மட்டும் வேறு என்றால் வாங்குகிறவருக்கு அது தெரிந்துவிடும். இதைச் சரிசெய்யக் கிளம்பும் பலரும் போகிற வழி இரண்டு. இரண்டுமே எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லாதவை.

ஒன்று, பெட்டிக்குள் பெட்டி, பலூனுக்குள் கார்டு, திறக்கவே கால்மணி நேரம் ஆகும் புதிர் என்று அலங்காரத்தில் இறங்குவது. குழந்தைகளுக்கு இது ஜோர். பெரியவர்களுக்கு அந்த நிமிடத்தோடு சரி. ஜெஃப் கலக் என்பவரும் சக ஆய்வாளர்களும் 2016-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த இடத்தைத்தான் தொடுகிறார்கள்: கொடுக்கிறவர் பரிசைப் பிரிக்கும் நிமிடத்தையே நினைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்கிறார்; வாங்குகிறவருக்கோ அதை வைத்துக்கொண்டு புழங்கப்போகிற நாட்கள்தான் முக்கியம். அலங்காரத்துக்குச் செலவிடும் ஒரு மணி நேரத்தில் பாதியை வேறொன்றுக்குக் கொடுக்கலாம். அதற்குத்தான் வருகிறேன்.

இரண்டாவது வழி இன்னும் நயமானது, அதனால்தான் அதில் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். "இவர் ஓட்டப் பயிற்சி செய்கிறவர், அதனால் ஓட்டக் காலணி மட்டும் விற்கிற கடைக் கார்டு" என்று கடையைக் குறுக்கிக்கொண்டே போவது. யோசித்துக் கொடுத்தது போலத் தெரியும், உண்மைதான். ஆனால் போன மாதம்தான் அவர் புதுக் காலணி வாங்கியிருப்பார். அந்தக் கடை அவர் வீட்டிலிருந்து ஊர்க்கோடியில் இருக்கும். மேரி ஸ்டெஃபலும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர்களும் சொன்னது இதுதான்: கொடுக்கிறவர்கள் ஆளுக்கேற்றபடி குறுகலான பரிசைத் தேடுகிறார்கள், வாங்குகிறவர்களோ எதற்கும் பயன்படுத்திக்கொள்ளக் கூடியதைத்தான் விரும்புகிறார்கள். குறுகலான கார்டு மேசை இழுப்பறையில் தூங்குவதற்கும் இதுவே காரணம்.

அதனால் நான் சொல்வது: கார்டு அகலமாக இருக்கட்டும், அதோடு வைக்கிற கடிதம் குறுகலாக இருக்கட்டும். அந்த ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாத அளவுக்குக் குறுகலாக.

உதாரணத்துக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன். பல வகைப் பொருட்களும் கிடைக்கிற ஒரு பெரிய கடையின் கார்டு, சித்திக்கு:

"சித்தி, போன தடவை வந்தபோது, பால்கனியில் வெயில் படாத அந்த மூலையில் எதை வைத்தாலும் வாடிப்போகிறது என்று சொன்னீர்கள். நிழலில் வளர்கிற செடி ஒன்றும் அதற்கு ஒரு நல்ல தொட்டியும் வைத்துப் பார்க்கலாமே என்று அப்போதே தோன்றியது. அதற்காகத்தான் இது. செடியே போதும் போதும் என்றாகிவிட்டதென்றால் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதை வாங்கிக்கொள்ளுங்கள். நான் கணக்குக் கேட்க மாட்டேன்."

இதில் முதலில் வருவது, நீங்கள் அவர் பேசியதைக் காதில் வாங்கியிருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளம். சித்தி எப்போதோ போகிற போக்கில் சொன்னது. சொன்னதை அவரே மறந்திருப்பார். அதை நீங்கள் நினைவில் வைத்திருந்தது கார்டில் இருக்கும் தொகையைவிடப் பெரிதாகத் தெரியும். அடுத்து ஒரு யோசனை. வெறும் கார்டு, "என்ன வாங்கலாம்" என்ற வேலையையும் சேர்த்து அவர் தலையில் வைத்துவிடுகிறது. ஒரு யோசனை இருந்தால் அந்த வேலை குறைகிறது. கடைசி வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் கடிதம் உத்தரவாகிவிடும். அடுத்த முறை நீங்கள் போகும்போது பால்கனியில் செடி இருந்தாக வேண்டும் என்ற சங்கடம் சித்திக்கு வரக்கூடாது.

எழுதக்கூடாதது என்று ஒன்று உண்டு. "உங்களுக்கு என்ன வாங்குவது என்று தெரியவில்லை, அதனால்தான் கார்டு." பணிவாக எழுதுவதாக நினைத்துக்கொண்டு எழுதுவோம். படிக்கிறவருக்கு அது "உங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது" என்று கேட்கும். மன்னிப்புக் கேட்கிற தொனி எந்தப் பரிசையும் சின்னதாக்கிவிடும்.

உண்மையிலேயே அவரைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டால்? இரண்டு வருடமாகப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறார், என்ன பிடிக்கும் என்று தெரியாது. அப்போது பிடித்ததைப் பற்றி எழுதவே வேண்டாம். ஊகித்து எழுதினால் தப்பாகத்தான் போகும். அவர் உங்களுக்குச் செய்த ஏதாவது ஒன்றை, நாளும் இடமுமாக எழுதி நன்றி சொல்லுங்கள். "மார்ச் கணக்கு முடிக்கும்போது நான் லீவு. என் ஃபைலையும் சேர்த்து நீங்கள்தான் பார்த்தீர்கள். திரும்பி வந்தபோது மேசை காலியாக இருந்தது, அதை மறக்கவில்லை." இதற்கு அவருடைய ரசனை தெரிய வேண்டியதில்லை. இப்படி எழுதக் கூச்சமாக இருக்கிறது என்பார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கூச்சத்தைப் பற்றியதுதான். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், படிக்கிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று கூடுதலாகவும், அவர் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்பதைக் குறைவாகவும் மதிப்பிட்டிருந்தார்கள். நடை நன்றாக இல்லையே என்ற கவலை எழுதுகிறவருக்குத்தான். படிக்கிறவர் நடையைப் பார்ப்பதில்லை.

அடுத்தது தொகை. இங்கேதான் நல்ல எண்ணத்தோடு கொடுக்கிற பல கார்டுகள் இடறுகின்றன. கடிதத்தில் ஒரு யோசனை சொல்லிவிட்டீர்கள் என்றால், அது கார்டில் இருக்கும் தொகைக்குள் முழுசாக அடங்க வேண்டும். வரி, டெலிவரி கட்டணம் எல்லாம் சேர்த்து. செடியும் தொட்டியும் என்று எழுதிவிட்டுச் செடிக்கு மட்டும் போதுமான தொகையைப் போட்டால், சித்திக்கு நீங்கள் கொடுத்தது பாதிப் பரிசு, பாதிச் செலவு. கடையின் தளத்துக்குப் போய் அந்தப் பொருள் இன்றைக்கு என்ன விலை என்று பார்த்து, கொஞ்சம் மேலே போட்டுவிடுங்கள். தொகையைக் கூட்ட முடியாதென்றால் யோசனையைச் சின்னதாக்குங்கள். சின்ன யோசனை ஒன்றும் குறைச்சலில்லை.

கை இறுக்கமாக இருக்கிற ஒருவருக்குக் கொடுக்கும்போது இந்தக் கணக்கு மாறும். அவருக்கு ஸ்பா, ஆடம்பரக் கடை என்று கொடுத்து "உங்களுக்காக மட்டும் செலவு பண்ணுங்கள்" என்று எழுதாதீர்கள். மாதச் சாமானுக்கே அவர் அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி பொதுவான கடையாகப் பார்த்துக் கொடுத்து, யோசனை எதுவும் சொல்லாமல் அன்பை மட்டும் எழுதுவது நாகரிகம்.

சரி, கடிதம் எழுதியாகிவிட்டது. அதையே உறையாகவும் ஆக்கிவிடலாம். அலங்காரம் வேண்டாம் என்று சொன்னவன்தான், ஆனால் இது அலங்காரக் கணக்கில் வராது, ஒரே தாள்தான். பெரும்பாலான பிளாஸ்டிக் கார்டுகள் வங்கி அட்டையின் அளவிலேயே இருக்கும்: 85.6 மில்லிமீட்டர் அகலம், 54 மில்லிமீட்டர் உயரம். ஏ4 தாளை நெட்டுக்குத்தாக வையுங்கள். கீழ் விளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டரை மேல்நோக்கி மடியுங்கள். தாள் முழு அகலத்துக்கும் ஒரு பை போல வரும். அதன் இடது, வலது ஓரங்களை மெல்லிய டேப்பால் ஒட்டிவிடுங்கள். மடிப்புக்கு மேலே இருக்கிற வெற்றிடத்தில் கடிதம். இப்போது பை உள்பக்கம் இருக்கும்படி தாளை நடுவில் நீளவாக்கில் மடித்தால், 10.5 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு பைகள் கிடைக்கும். ஒன்றில் கார்டைப் படுக்கையாகச் செருகுங்கள். 4 மில்லிமீட்டர் வெளியே எட்டிப் பார்க்கும், இழுக்க வசதி. இன்னொன்றில் ரசீதோ ஒரு பழைய போட்டோவோ வைக்கலாம். கடைசியாக மேல்பாதியைக் கீழே மடித்தால் கையடக்கமாகிவிடும். கார்டை எடுக்க வேண்டுமென்றால் கடிதத்தைத் திறந்துதான் ஆக வேண்டும். வாங்கியவர் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் எழுத்தைப் பார்ப்பார், எனக்குப் பிடித்த விஷயம் அதுதான்.

கார்டின் மேல் எதையும் ஒட்டாதீர்கள். பின்பக்கத்தில் ரகசிய எண்ணை (PIN) மூடியிருக்கும் வெள்ளிப் பூச்சின் மேல் டேப் பட்டால், உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வந்துவிடும், சில சமயம் எண்ணும். பார்கோடு, க்யூஆர் கோடு மேல் கோந்தோ ஜிகினாவோ வேண்டாம். க்யூஆர் கோடைச் சுற்றி இருக்கிற வெள்ளை ஓரமும் ஸ்கேனருக்குத் தேவை. காந்தம் வைத்து மூடுகிற பரிசுப் பெட்டிகளையும் தவிர்ப்பது நல்லது. கறுப்புப் பட்டை உள்ள கிஃப்ட் கார்டுகள் பலவற்றில் காந்தப் பதிவு வங்கிக் கார்டில் இருப்பதைவிட வலுக்குறைந்தது. பக்கத்திலேயே காந்தம் இருந்தால் அழிந்துபோக வாய்ப்புண்டு.

கூடவே சின்னதாக ஒரு பொருள் வைக்கலாமா என்றும் கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் அது கார்டோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பின்னல் வேலை செய்கிற தோழிக்கு, அவரே அடிக்கடி போகிற நூல் கடையின் கார்டோடு நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு நூல்கண்டு. மற்ற நிறங்களை அவர் பார்த்துக்கொள்ளட்டும். புத்தகக் கடைக் கார்டு என்றால், நீங்கள் படித்து முடித்த இரண்டு மூன்று புத்தகங்களின் பெயரையும், ஒவ்வொன்றையும் அவர் ஏன் ரசிப்பார் என்று ஒரு வரியும் எழுதிய துண்டுச் சீட்டு போதும். கரடிப் பொம்மை, சாவிக்கொத்து, மெழுகுவர்த்தி எல்லாம் கவர் காலியாகத் தெரியக்கூடாது என்பதற்காக வைப்பவை. வாங்கியவர் வீட்டில் அடுத்த வாரமே அது எங்கே போனதென்று தெரியாது.

பொருளைவிட உங்கள் நேரத்தைச் சேர்த்துக் கொடுப்பது பலருக்கு உகந்தது. முக்கியமாக வயதானவர்களுக்கு. ஆன்லைனில் கார்டு எண்ணைப் போட்டு வாங்கத் தெரியாத பெரியப்பாவுக்கு, மின்னஞ்சலில் போகிற ஒரு மின்கார்டை அனுப்பிவிட்டால், அது அவருக்குப் பரிசு ஆகாது, இன்னொருவரிடம் உதவி கேட்க வேண்டிய வேலை ஆகும். "ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை காலையில் வருகிறேன், சேர்ந்து போய் வாங்கலாம், வண்டி நான் எடுக்கிறேன்" என்று நாளோடு எழுதுங்கள். "ஒரு நாள் போகலாம்" என்றால் போகவே மாட்டீர்கள், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கணவன், மனைவி, கூடவே வளர்ந்த உயிர் நண்பர் இவர்களுக்குக் கார்டு வேண்டாம் என்பது என் கருத்து. அவர்களே வாய்விட்டுக் கேட்டிருந்தால் அது வேறு. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஆட்கள் அவர்கள், அங்கே எவ்வளவு நல்ல கடிதம் வைத்தாலும் "உனக்கே தெரியலையா?" என்ற கேள்வி மிச்சம் இருக்கும்.

தூரத்தில் இருப்பவர்களுக்கு மின்கார்டு அனுப்புகிறீர்கள் என்றால் சில நடைமுறைகள். கடையின் முகவரியிலிருந்து போகிற மின்னஞ்சல் விளம்பரம் என்று ஸ்பாமுக்குள் போய் விழலாம்; விழாவிட்டாலும் அதைப் பார்த்ததும் யாருக்கும் எதுவும் தோன்றாது. செய்திப் பெட்டியில் நிறைய எழுத இடமும் பெரும்பாலும் இருக்காது. அதனால் மின்கார்டை உங்கள் முகவரிக்கே வரவழைத்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்களே அதை அனுப்புங்கள், முன்னால் உங்கள் குரலில் ஒரு நிமிடப் பதிவோடு. எழுத வராதவர்களுக்கு இது நல்ல வழி. கடிதத்தில் சொல்லியிருப்பீர்களே, அதையே பேசிவிடுங்கள். குடும்பக் குழுவில் மட்டும் கார்டு எண்ணைப் போட்டுவிடாதீர்கள். அதைப் பார்க்கிற யாரும் பயன்படுத்தலாம்.

இன்னொன்று, வேறு நாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புகிறவர்கள் அடிக்கடி தவறவிடுவது. ஆப்பிள், பிளேஸ்டேஷன் போன்ற கார்டுகள் எந்த நாட்டுக்காக விற்கப்பட்டதோ அந்த நாட்டுக் கணக்கில்தான் ஏறும். நீங்கள் இருக்கும் ஊரில் வாங்கினால் அங்கே இருக்கிற பையனுக்கு அது வெறும் பிளாஸ்டிக். அவன் இருக்கிற நாட்டுக் கார்டாகப் பார்த்து வாங்க வேண்டும். அவன் எந்த விளையாட்டில் எந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று ஒரு வார்த்தை விசாரித்து எழுதிவிட்டால், அத்தையோ மாமாவோ கொடுத்த எந்தப் பரிசும் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

காலாவதி தேதியைக் கடிதத்திலேயே குறித்துவிடுங்கள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு: அமெரிக்காவில் 2010-லிருந்து நடைமுறையில் உள்ள கூட்டாட்சிச் சட்டப்படி கார்டில் இருக்கும் பணம் குறைந்தது 5 வருடம் செல்ல வேண்டும், ஆஸ்திரேலியாவில் 2019 நவம்பர் முதல் விற்ற கார்டுகளுக்குக் குறைந்தது 3 வருடம். ஆனால் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் கடையே மூடினால் கதை வேறு. 2018-ல் டாய்ஸ் ஆர் அஸ் என்ற பொம்மைக் கடைத் தொடர் அமெரிக்காவில் கடைகளை மூட ஆரம்பித்தபோது, கிஃப்ட் கார்டு வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சுமார் 30 நாள்தான். ஆட்டம் காண்கிறது என்று பேச்சு அடிபடுகிற கடையின் கார்டை வாங்காமல் இருப்பதே நல்லது. கடையில் தொங்கவிட்டிருக்கும் கார்டை எடுக்கும்போது வெள்ளிப் பூச்சு சுரண்டியிருக்கிறதா, உறை பிரித்து ஒட்டியது போல இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். எண்ணை முன்பே குறித்து வைத்துக்கொண்டு, யாராவது பணம் கட்டிக் கார்டு உயிர்பெற்றதும் காலிசெய்கிற கும்பல்கள் உண்டு. பில்லை அந்த இரண்டாவது பையில் வைத்துவிடுங்கள். கார்டு வேலை செய்யவில்லை என்றால் அதைக் காட்டித்தான் பேச முடியும். தொகை தெரிந்துவிடுமே என்று சிலர் தயங்குவார்கள். கார்டைத் தேய்த்தால் தெரியத்தானே போகிறது.

கொடுத்த பிறகு, "வாங்கிட்டீங்களா, என்ன வாங்கினீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். ஆனால் மூன்று நான்கு மாதம் கழித்துப் பேசும்போது பேச்சோடு பேச்சாக ஒரு நினைவூட்டல் நல்லது. செலவாகாத கார்டுப் பணத்தை ஒரு கட்டத்துக்குப் பிறகு கடைகள் வருமானமாகவே எழுதிக்கொள்கின்றன, கணக்கியலில் அதற்கு பிரேக்கேஜ் என்று தனிப் பெயரே இருக்கிறது. நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிக் கொடுத்தது கடைக்காரருக்குப் போய்ச் சேர வேண்டாமே.

எட்டுப் பேருக்கும் இதையெல்லாம் செய்ய முடியுமா என்றால், முடியாது. தேவையும் இல்லை. யாருக்குக் கடிதம் எழுத வருகிறதோ அந்த மூன்று நான்கு பேருக்கு எழுதுங்கள், மீதிப் பேருக்குப் பெயரும் ஒரு நன்றி வரியும் கையால் எழுதினால் சரி. வண்டி வாசலில் நிற்கிறது, பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றால், கார்டு வந்த கடை உறையின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். போன முறை பார்த்தபோது அவர் சொன்ன ஏதாவது ஒன்றை அதில் எழுதி, கீழே பெயரைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.